பீரோவுக்குள் பூட்டிய கம்ப்யூட்டர்

மாடியில் தம்பி குடியிருக்கிறான், கீழே நான். ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கி, பழைய ஹார்ட் டிஸ்க்கை அதில் மாட்டி, வீட்டில் கிடந்த படம், பாட்டு, வீடியோ எல்லாவற்றையும் ஏற்றிவிட்டான். டிவிக்கும் அதற்கும் ஒயர்கூடக் கிடையாது. வைஃபையிலேயே படம் வருகிறது. அன்றிலிருந்து சாயங்காலமானால் என் பெண்டாட்டி மாடியில்தான்.

"தம்பி எவ்வளவு அழகா பண்ணி வச்சிருக்கு! உங்களுக்கு ரிமோட்டுல பேட்டரி போடத் தெரியுமா?" என்றாள் ஒருநாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அவள் சிரிப்பது என் தலைக்கு மேலே கேட்கும். நான் கீழே நானே டீ போட்டுக் குடித்துக்கொண்டிருப்பேன்.

கடைக்குப் போய், தம்பி வாங்கியது எதுவோ அதையே கொடு என்றேன். கடைக்காரனே எல்லாம் ஏற்றி, சில பழைய படங்களும் போட்டுக் கொடுத்தான். "காத்தோட்டமா வைங்க, பெரியவரே" என்றான். கடைக்காரன் என்றால் ஏதாவது சொல்லத்தான் செய்வான்.

முதல் நாள் மேசைமேல் வைத்தேன். படம் வந்தது. அவளும் கீழேயே உட்கார்ந்தாள். ஆனால் தம்பி இறங்கி வந்து அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது எனக்குச் சரியாகப் படவில்லை. இவன் எதையாவது நோண்டிவிட்டுப் போனால் நாளைக்கு ஓடாது. அப்புறம் இவனைத்தானே கூப்பிட வேண்டும்?

மறுநாள் அவள் வெளியே போன நேரத்தில் அவளுடைய இரும்பு பீரோவின் முதுகில் டிரில்லால் ஓட்டை போட்டேன். வெல்டிங் பட்டறையில் கிடந்தவனுக்கு அது ஒரு வேலையா? கரண்ட் ஒயரை அது வழியாக உள்ளே விட்டு, கம்ப்யூட்டரைத் துணி அடுக்கின் நடுவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சாயங்காலம் டிவியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. படத்தைக் காணோம். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் படிக்கட்டில் நின்று, "தம்பி, கொஞ்சம் வந்து பாருங்களேன்!" என்று கூப்பிட்டுவிட்டாள்.

"பெட்டி எங்கண்ணே?"

"பத்திரமா இருக்கு."

"பத்திரமான்னா?"

என் கண் பீரோ பக்கம் போனது. அவள் கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். திறந்தால் துணியெல்லாம் இப்போதுதான் இஸ்திரி போட்டது போலச் சுட்டது. பின்னாலிருந்து வெளிச்சம் வேறு தெரிந்தது.

"என் பீரோவுல ஓட்டையா? இது என்ன உங்க பட்டறையா?"

தம்பி சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டான். "இரும்புக்குள்ள அடைச்சா வைஃபை எப்படிண்ணே வெளிய வரும்? பாவம், மூச்சு முட்டிப் போயிருக்கு."

"உன்னை யார்றா கூப்பிட்டா?"

"அண்ணி."

பெட்டியை நானே வெளியே இழுத்தேன்.

மேசைமேல் எடுத்து வைத்ததும் படம் வந்துவிட்டது. அவளோ மாடிக்குக் கிளம்பினாள்.

"படந்தான் வருதே, எங்க போற?"

"படம் யாருக்கு வேணும்? நம்ம பொண்ணு கல்யாண வீடியோ மேலதான இருக்கு. அவ ஊருக்குப் போனதுலேர்ந்து தினமும் கொஞ்சம் பார்த்துட்டு வர்றேன்."

இத்தனை நாளும் அவள் எதைப் பார்க்கிறாள் என்று நான் கேட்டதே இல்லை. தம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் கேட்பதைவிட இன்னொரு பீரோவில் ஓட்டை போடலாம். இருந்தாலும் கேட்டேன்.

"டேய், அந்த வீடியோவ இதுலயும் ஏத்திக் குடு."

"இதுக்கு ஏண்ணே மூஞ்சிய இப்படி வச்சுக்கற?" என்று மேலே போய் டிஸ்க்கைக் கொண்டுவந்து ஏற்றிக்கொடுத்தான்.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீடியோ ஓடியது. பெண்ணுக்கு இந்தப் பக்கம் தம்பி. அந்தப் பக்கம் திரும்பினால் அங்கேயும் தம்பி. மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பவன் அவன், பந்தியில் உபசரிப்பவன் அவன். நான் வண்டிகளுக்கும் சமையல்காரனுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்திருப்பேன். ஒரு இடத்தில் என் முதுகு மட்டும் வந்து போனது.

"அவன் வர்ற இடத்தையெல்லாம் ஓட்டி விடு."

"அப்புறம் வீடியோ எங்க இருக்கும்?" என்றாள் அவள், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

மாடியில் இருந்தவனை நானே அழைத்து வந்து என் டிவிக்குள் குடிவைத்துவிட்டேன். ஆனால் அவள் எழுந்து போகவில்லை. ரிமோட்டை அவள் மடியில் போட்டேன்.