கேட்டியின் வெளிப்பெயர்

எங்கள் யங்ஸ்டவுன் பெண்கள் ரோலர் டெர்பி லீக், அதாவது சக்கரக் காலணியில் சறுக்கிக்கொண்டே ஒருத்தியை ஒருத்தி இடித்து ஆடும் கூட்டம், மூன்று வருஷமும் ஐந்து மாதமும் உயிரோடு இருந்தது. இரும்பாலைகள் மூடிய பிறகு இந்த ஊரில் தொடங்கிய எதுவும் அதற்கு மேல் தாங்கியதில்லை. அதனால் ஊரைக் குறை சொல்ல மாட்டேன். குறை என் மேல்தான்.

ஆரம்பித்தவள் ரோண்டா. முடி வெட்டும் கடை வைத்திருந்தாள், வாய் கொஞ்சம் நீளம். பழைய சறுக்குக் கூடத்தை வாடகைக்குப் பிடித்து இருபத்திரண்டு பெண்களைச் சேர்த்தாள். முதல் நாளே சட்டம் போட்டாள்.

"வெளிய நீ ஓட்டல்ல பரிமாறுறவளா இரு, புருஷன் விட்டுட்டுப் போனவளா இரு, எனக்கு அந்தக் கதை வேணாம். உள்ள வந்தா ஆட்டப்பேரு மட்டும்தான். எவளாவது வெளிப்பேரு சொன்னா பத்து தண்டால்!"

அடிபட்டால் கூடம் பொறுப்பல்ல என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதிலும் ஆட்டப்பெயரில்தான் கையெழுத்துப் போட்டோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நான் இடிகட்டை. அங்கே எனக்குக் கிடைத்த தோழி கசாப்புக் கேட்டி.

மழை வந்தால் அவளுடைய இடது முழங்கால் வீங்கும். காப்பிக்கு மூன்று சர்க்கரை. விவாகரத்துத் தாள் வந்த அன்று என் காரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதாள். இவ்வளவும் எனக்குத் தெரியும். கேட்டி, கேட்டி என்று கூப்பிட்டு அதுதான் அவள் பெயர் என்றே ஆகிவிட்டது.

2008 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை ஆட்டம். எங்களுக்குள்ளேயே இரண்டு அணியாகப் பிரிந்திருந்தோம், அவளும் நானும் எதிரெதிர். எங்களைத் தாண்டிப் புள்ளி எடுக்க அவள் சறுக்கிக்கொண்டு வந்தாள். மறிப்பது என் வேலை. இடுப்பால் இடித்தேன். சுத்தமான இடி, நடுவர் விசில்கூட ஊதவில்லை. முந்நூறு பேர் கத்தினார்கள். நான் இரண்டு கையையும் தூக்கி ஒரு சுற்று வந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் எழுந்திருக்கவில்லை.

ஆம்புலன்ஸ்காரன் கேட்டான். "பேரு?"

"கசாப்புக் கேட்டி," என்றேன்.

"ஏம்மா, விளையாடுற நேரமா இது? நிஜப் பேரைச் சொல்லு."

ரோண்டாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பையைத் துழாவினோம். சக்கரக் காலணி, துண்டு, ஒரு வாழைப்பழம். பெயர் தெரியாதவள் என்று எழுதிக்கொண்டு ஏற்றிப் போனார்கள். மருத்துவமனையில் நாங்கள் சொந்தக்காரர்களும் இல்லை, பெயரும் தெரியாது. ஒரு வார்த்தைகூடச் சொல்ல மறுத்துவிட்டார்கள்.

திங்கள் மதியம் ஒரு வயதான பெண்மணி கூடத்து வாசலுக்கு வந்தார். கேட்டி விட்டுப்போன சிவப்பு வேனின் எண்ணை வைத்துப் போலீஸ் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறது. வண்டியை எடுக்க வந்த அவளுடைய அம்மா. சேதி வருமா என்று கூடத்திலேயே காத்துக் கிடந்த நாங்கள் பதினொரு பேர் ஓடிப் போய்ச் சூழ்ந்துகொண்டோம்.

"எப்படி இருக்கா? உயிரோட இருக்காளா?" என்றேன்.

"நீங்கல்லாம் யாரு?"

"நாங்க அவ கூடப் பிறந்தவங்க மாதிரிம்மா," என்றாள் ரோண்டா.

அந்த அம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"அப்படியா? சரி, அவ பேரைச் சொல்லுங்க. சொன்னா நானும் சொல்றேன்."

வாய்க்காரி ரோண்டாகூடத் தரையைப் பார்த்தாள். தாங்க முடியாமல், "கேத்தரின்?" என்றேன்.

"இல்ல," என்றார். கதவைச் சாத்திக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அந்த வண்டியின் எண்ணைக்கூட நாங்கள் பார்த்து வைக்கவில்லை.

அடுத்த செவ்வாய் பயிற்சிக்கு நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த செவ்வாய் நான் மட்டும். லீக்கின் சரித்திரம் அவ்வளவுதான்.

நாலு வருஷமாகப் பத்திரிகையில் இரங்கல் பக்கத்தைத்தான் முதலில் திருப்புகிறேன். அவள் முகம் இதுவரை வரவில்லை. வேறு ஊரில் வைத்துப் புதைத்திருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

நான் மளிகைக் கடையில் கல்லாவில் நிற்கிறவள். நெஞ்சில் டார்லா என்று பெயர்ப்பட்டை குத்தியிருக்கும். அப்போதெல்லாம் புதன்கிழமைகளில் கேட்டி சாமான் வாங்க வருவாள். பக்கத்துக் கல்லா காலியாகக் கிடந்தாலும் என் வரிசையில்தான் நிற்பாள். யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டுக் குனிந்து, "என்ன டார்லா, சௌக்கியமா?" என்பாள். நான் சிரித்துக்கொண்டே மீதிச் சில்லறையைக் கொடுப்பேன். உன் பெயர் என்னடி என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

செத்துப் போயிருந்தால் கொன்றவள் நான். உயிரோடு இருந்தால், நான் எங்கே நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். இன்னும் வரவில்லை.