துறைமேடை வரைக்கும்

மகள் ரினேவுக்குப் போகும் பெட்டிகளை மார்லின் எடிகர் இரண்டு வருடமாகத் தொட்டதே இல்லை. சாமான் அடுக்குவது, நாடா ஒட்டுவது, தபால் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போவது எல்லாம் அவர் மனைவி லியோனாவின் பாடு. அவர் ஒருநாளும் தடுத்ததில்லை. ஆனால் சமையலறை மேஜையில் பெட்டி திறந்து கிடக்கும் நாட்களில் அவருக்குக் கொட்டகையில் கட்டாயம் ஏதாவது வேலை இருக்கும். டிராக்டருக்குக் கிரீஸ் போடுவார். போட்ட இடத்திலேயே மறுபடியும் போடுவார்.

ரினே ஒரே மகள். நர்ஸுக்குப் படிப்பாள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தபோது அவள் கடற்படையில் சேர்ந்தாள். மருத்துவ உதவியாளர் வேலை, ஜப்பானில் சசேபோ துறைமுகத்துக் கப்பல் ஒன்றில். வேறு வீடாக இருந்தால் வாசலில் கொடி கட்டிக் கொண்டாடியிருப்பார்கள். எடிகர்கள் மென்னோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். எந்த ராஜாவுக்காகவும் ஆயுதம் எடுப்பதில்லை என்று ரஷ்யாவை விட்டுக் கிளம்பி, அமெரிக்காவின் கான்சஸில் கோதுமை போட வந்தவர்களின் வம்சம். வியட்நாம் சண்டைக்கு ஆள் எடுத்தபோது மார்லினும் துப்பாக்கி தொட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக டென்வரில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி இறக்கும் வேலை பார்த்தவர். அப்பேர்ப்பட்டவர் வீட்டிலிருந்து ஒருத்தி, யாரும் கூப்பிடாமல் தானாகவே போய்ச் சீருடை மாட்டிக்கொண்டாள்.

சபையில் யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஜனங்கள் எழுந்து சொல்லும் நேரம் ஒன்று உண்டு. காங்கோவில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் பெயர் வரும், இடுப்பு எலும்பு மாற்றிக்கொண்டவர்கள் பெயர் வரும், மழை வரும். ரினே பெயர் வராது. அப்பனே சொல்லவில்லை, நாம் எப்படிச் சொல்வது என்று ஊர் இருந்தது. ஊரே கேட்கவில்லை, நான் எப்படிச் சொல்வது என்று அவர் இருந்தார்.

நவம்பர் மாதம் முதல் உறைபனியில், கோழிக்கூட்டுப் படியில் சறுக்கி விழுந்து லியோனா வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸ் பெட்டி கிளம்ப வேண்டிய நேரம். கையில் மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து, கணவனைக் கூப்பிட்டாள்.

"மார்லின், கைய கழுவிட்டு வா. பெப்பர்நட் போடணும்."

"கடையில பிஸ்கட் வாங்கி அனுப்பினா ஆகாதா?"

"கடை பிஸ்கட் ஜப்பான்லயும் கெடைக்கும். வா."

மாவு ஏற்கெனவே பிசைந்து இருந்தது, சோம்பு மணக்க. பக்கத்து வீட்டுக்காரி வந்து பிசைந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அதைக் கயிறாக உருட்டி, சுண்டுவிரல் நுனி அளவுக்குத் துண்டு போட வேண்டும். மார்லின் உருட்டினார். கயிறு ஒரு பக்கம் பாம்பாகவும் மறுபக்கம் எலியாகவும் வந்தது.

"சின்னதா வெட்டுன்னேன். நீ என்ன மாட்டுக்குத் தீவனம் போடறியா?"

"பெருசா இருந்தா வேலை சீக்கிரம் முடியும்ல."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதே பேச்சு" என்றாள் லியோனா. வலி மாத்திரை அவளை அசத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் மேற்பார்வை பார்த்துவிட்டு, எதையும் கருக்கிவிடாதே என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

சாயங்கால வெயில் மேஜைமேல் சாய்ந்திருந்தபோது போன் அடித்தது. மாவுக் கையோடு மார்லின் எடுத்தார்.

"அம்மா?"

"அம்மா தூங்கறா. கை உடைஞ்சிருக்கு, தெரியும்ல."

"தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க என்ன பண்றீங்க அப்பா?"

"பெப்பர்நட் வெட்டறேன்."

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையானது. மார்லின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். மகள் அழுது கேட்டு அவருக்கு வெகுகாலம் ஆகியிருந்தது.

அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். போன வாரம் கடல் மோசமாக இருந்தது. கப்பல் சாய்ந்த வேகத்தில் இரும்புக் கதவு ஒன்று அறைந்து சாத்திக்கொண்டது. நடுவில் சமையல்காரர் அலான்சோவின் கால். நாற்பது வயது ஆள், இரண்டு பெண் குழந்தைகள். ஹெலிகாப்டர் வரக் காற்று விடவில்லை. அது வரும்வரை ரினேதான் அவர் பக்கத்தில் இருந்தாள்.

"கால எடுத்துட்டாங்கப்பா. ஆள் பொழைச்சிட்டார்."

"நீ என்ன பண்ணே?"

"கட்ட வேண்டியத கட்டினேன், ஊசி போட்டேன். அப்பறம் செய்ய ஒண்ணும் இல்ல. அவர் அம்மா அம்மான்னு கத்தறார். நீங்க டென்வர் கதை சொல்லுவீங்கல்ல? வலியில இருக்கறவன்கிட்ட ஒண்ணும் ஆகாதுன்னு பொய் சொல்லாதே, அவன் வீட்டு வாசல்ல என்ன மரம் நிக்குதுன்னு கேளுன்னு. அத கேட்டேன்."

மார்லினுக்கு அந்தக் கதையை அவளிடம் சொன்ன ஞாபகமே இல்லை. அறுவடை சமயம் லாரியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு என்னென்னவோ சொல்லியிருப்பார்.

"என்ன மரமாம்?"

"பீக்கன் மரம். லூசியானாவுல. அவங்க தாத்தா வச்சதாம். ஹெலிகாப்டர் வர்ற வரைக்கும் அந்த மரத்த பத்தியே பேசிட்டிருந்தார்."

மார்லின் மேஜையில் உதிர்ந்திருந்த மாவைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இன்னொண்ணு சொல்லணும். இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்து போட்டுட்டேன்."

இளகிக்கொண்டு வந்ததெல்லாம் அவருக்குள் இறுகியது.

"ஆஸ்பத்திரின்னா நம்ம ஊர்ல இல்லையா? இங்க வந்து கட்டு போட்டா கட்டாகாதா?"

"இங்க இருக்கறவங்களுக்கும் யாராவது போடணும்ல?"

"நீ கட்டுத்துணிதான் தூக்கறே. சரி. அந்தக் கப்பல் என்ன தூக்கிட்டுப் போகுது?"

"தெரியும்பா. எனக்குத் தெரியாதா? ராத்திரி படுத்தா எனக்கும் அந்தக் கேள்வி வருது."

"அப்பறம்?"

"அப்பறம் காலைல எழுந்து வேலைக்குப் போறேன்."

"நீ பண்றது சரின்னு என் வாயால சொல்ல மாட்டேன், ரினே. சொன்னா பொய்."

"நான் அத கேக்கலையே."

"பின்ன என்ன கேக்கறே?"

"சாப்டியான்னு கேளுங்க. அம்மா தினம் கேக்கறா. நீங்க ஒரு தடவகூட கேட்டதில்ல."

மார்லின் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். குளிர்காலக் கோதுமை பச்சையாக, தரையோடு தரையாகக் கிடந்தது.

"சாப்டியா?"

"முட்டை. அப்பறம் பஞ்சு மாதிரி ஒரு ரொட்டி. இப்பல்லாம் சமையல் சரியில்ல. அலான்சோ இல்லல்ல" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்த ரொட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தால் திரும்பி வரும் என்றாள். அவர் சிரித்துவிட்டார். அதற்குள் அடுப்பில் ஒரு தட்டு பிஸ்கட் கருகிவிட்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், போதகர் ஜோலின் வழக்கம்போல யாருக்காக ஜெபிப்போம் என்று கேட்டாள். ஒருவர் மருமகளின் பிரசவம் சொன்னார். இன்னொருவர் மழை சொன்னார். மார்லின் எழுந்து நின்றார். பக்கத்தில் லியோனா மூச்சை இழுத்தது அவருக்குக் கேட்டது.

"அலான்சோன்னு ஒருத்தர். கப்பல் சமையல்காரர். கால் போயிடுச்சு. ரெண்டு குழந்தைங்க. அவருக்காக ஜெபிக்கணும்." பெஞ்சின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அப்பறம் எங்க ரினேவுக்காக. சசேபோல இருக்கா. அவர பாத்துக்கிட்டது அவதான். இன்னும் மூணு வருஷம் இருக்கப் போறா. எனக்கு அதுல இஷ்டம் இல்ல. அது உங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா அவ எங்க பொண்ணு."

உட்கார்ந்தார். ஜோலின் அவசரப்படவில்லை. இரண்டு பெயரையும் நிதானமாக, காங்கோக்காரர்களின் பெயரைச் சொல்லும் அதே குரலில் சொல்லி ஜெபித்தாள்.

வாசலில் ஓர்வில் ஷ்ராக் காத்திருந்தார். மார்லினோடு பள்ளிக்கூடம் படித்தவர், அடுத்த நிலத்துக்காரர். இரண்டு வருடமாகக் கோதுமையைத் தவிர வேறெதுவும் இவர்கள் பேசிக்கொண்டதில்லை.

"எங்க தாத்தாவ மொத உலகப் போர்ல ஜெயில்ல போட்டாங்க. அந்தப் பட்டாளச் சட்டைய போட மாட்டேன்னதுக்காக, கைய மேல கட்டி நிக்க வச்சாங்க. உனக்குத் தெரியும்."

"தெரியும், ஓர்வில்."

"சமையல்காரனுக்கு ஜெபிச்சிட்டேன். உம் பொண்ணுக்குன்னு வந்தப்ப, அந்தச் சட்டையோட அவள எப்படி ஆண்டவர் முன்னாடி நிறுத்தறதுன்னு தெரியல. பொய்யா ஆமென் சொல்ல எனக்கு வரல."

மார்லின் கொஞ்சம் யோசித்தார். "அவ காலுக்கு ஜெபி. நாள் பூரா இரும்புத் தரையில நிக்கறா."

ஓர்வில் அவரை ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "காலுக்குன்னா பண்ணலாம்" என்றார்.

மறுநாள் ஓர்வில் வீட்டிலிருந்து கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வந்தது. அடுத்த வீட்டிலிருந்து வறுத்த சூரியகாந்தி விதை. பின்வரிசைக்காரர் ஒருவர் மட்டும் அதற்கப்புறம் மார்லினோடு கைகுலுக்குவதை நிறுத்தினார். கடைசிவரை குலுக்கவே இல்லை. மார்லினும் அவரிடம் விளக்கம் கேட்கப் போகவில்லை. ஒன்றாக இருந்த பெட்டி இரண்டானது. தபால் ஆபீசுக்கு அவரே தூக்கிக்கொண்டு போனார்.

மார்ச்சில், கோதுமை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் வாரங்களில், இருவரும் சசேபோவுக்குப் போனார்கள். மார்லின் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. விமானத்திலிருந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு நெலம் வீணா கெடக்கே" என்றார். லியோனா அவர் தொடையில் கிள்ளினாள்.

ரினே வாசல் காவலில் பெயர் கொடுத்து அவர்களைத் துறைமுகத்துக்குள் கூட்டிக்கொண்டு போனாள். கூந்தலை இறுக்கி முடிந்து, சீருடையில் இருந்தாள். மெலிந்திருந்தாள். அவர் அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தார். துறைமேடையின் ஓரத்தில் கப்பல் நின்றது, ஊரில் தானியம் சேர்த்து வைக்கும் கோபுரத்தைப் படுக்கப் போட்டதுபோல நீளமாக, சாம்பல் நிறத்தில். மேலே பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. ஏணிப்பாலத்தின் அடியில் மார்லின் நின்றுவிட்டார்.

"நீங்க போய் வாங்க. நான் இங்க இருக்கேன்."

லியோனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ரினே அம்மாவின் முழங்கையைத் தொட்டாள். மேலே காவலுக்கு நின்ற இளம் அதிகாரி, "ஐயாவும் வரலாமே, எல்லாத்தையும் சுத்திக் காட்டறோம்" என்று குரல் கொடுத்தான்.

"அப்பா ஏற மாட்டார்" என்றாள் ரினே. அப்பாவுக்கு மீன் ஆகாது என்று விருந்து வீட்டில் சொல்வதுபோல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். "அவருக்கு இதுல உடன்பாடு இல்ல. கீழ இருப்பார்."

அதிகாரி சரி என்று தலையாட்டினான். தாயும் மகளும் ஏறிப் போனார்கள்.

மார்லின் கயிறு கட்டும் இரும்புக் குற்றிகளில் ஒன்றின்மேல் உட்கார்ந்தார். மனது கனக்கும் என்று நினைத்திருந்தார். கனக்கத்தான் செய்தது, ஆனால் தாங்குகிற கனம். கொஞ்ச நேரத்தில் ரினே கையில் இரண்டு காப்பிக் கோப்பையோடு இறங்கி வந்தாள்.

"அம்மா?"

"கேப்டன்கிட்ட கோதுமை விலை பேசிட்டிருக்கா. அவர் அயோவாவுல பண்ணை வீட்டுப் பிள்ளையாம். இப்ப விட மாட்டா."

அவள் பக்கத்துக் குற்றியில் உட்கார்ந்தாள். மேலிருந்து ஒருவர் பின் ஒருவராகச் சிநேகிதர்கள் இறங்கி வந்தார்கள். ரினேவின் அப்பாவா, அந்தக் குண்டு குண்டு பிஸ்கட் நீங்க பண்ணதா என்று கேட்டு அவர் கையைக் குலுக்கினார்கள். மார்லின் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டார், எந்த ஊர் என்று கேட்டார். அலான்சோவிடமிருந்து தகவல் வந்ததென்று ஒரு பெண் சொன்னாள். பொய்க்கால் பொருத்திவிட்டார்களாம், வீட்டில் மனைவியைச் சமையலறைக்குள் விடுவதில்லையாம்.

அவர்கள் போனபின் காப்பி ஆறிப்போயிருந்தது. அவர் குடித்தார்.

"ஜூன்ல அறுப்புக்கு லீவு கெடைக்குமா?"

"கேட்டுப் பாக்கறேன். கெடச்சா எந்த லாரி எனக்கு?"

"பழசுதான். புதுச உங்கிட்ட குடுத்தா ஓர்வில் சிரிப்பான்."

ரினே மூன்று வருடமும் அங்கேயே இருந்தாள். அந்த ஜூனில் லீவு கிடைக்கவில்லை, அதற்கடுத்த ஜூனில் கிடைத்தது. மார்லின் இன்னொரு தடவையும் சசேபோ போனார். அப்போதும் ஏறவில்லை.