சத்தமில்லாத பிள்ளை

தலைவலி என்று வாயைத் திறந்தால் போதும், எல்லோரும் டாக்டராகிவிடுவார்கள். தைலம் தேய், காப்பியை நிறுத்து, கண்ணாடியை மாற்று, கவலையை விடு. கவலையை விடச் சொன்னவர் என் கணவர். லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் ஐந்து நாள் சரக்கோடு வெளியூரில் இருப்பவர். அவருக்கென்ன, விட்டுவிடுவார்.

எனக்கு வருவது ஒற்றைத் தலைவலி. அதுவும் பகலில் வராது. பகலெல்லாம் நான் பல்செட் செய்யும் லேபில் உட்கார்ந்து, யார் யாருடைய பல்லையோ சுழலும் கல்லில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கிரீச் சத்தத்தில் வராத வலி, ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு, நல்ல தூக்கத்தில் இடது கண்ணுக்குப் பின்னாலிருந்து கிளம்பும். பத்து நிமிஷத்துக்குள் மாத்திரையைப் போட்டால் தப்பித்தேன். இல்லாவிட்டால் விடியும்வரை வாந்திதான். பார்வையும் கெட்டுவிடும். எதைப் பார்த்தாலும் அதன் இடது பாதி தெரியாது.

அதனால் எங்கள் வீட்டில் ராத்திரிக்கென்று சட்டம் உண்டு. போட்டது நான்தான். ஒன்பது மணிக்குமேல் டிவி கிடையாது, பாத்திரம் உருட்டக் கூடாது, கதவைச் சாத்தினால் தாழ்ப்பாள் சத்தம் கேட்கக் கூடாது. சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி எறிந்து இரண்டு வருஷம் ஆகிறது. கீழ்வீட்டில் டாக்ஸி ஓட்டும் தம்பி ஒருமுறை பதினோரு மணிக்கு ஹாரன் அடித்தான். நைட்டியோடு இறங்கிப்போய் நான் கொடுத்த கொடுப்பில், அன்றிலிருந்து அவன் வண்டியைத் தெருமுனையிலிருந்து தள்ளிக்கொண்டு வராத குறைதான்.

இந்தச் சட்டத்தை அட்சரம் பிசகாமல் காப்பாற்றுகிறவள் என் மகள். ஒன்பது வயது. பூனைக்குட்டி என்றுதான் கூப்பிடுவோம். ராத்திரி பாத்ரூம் போனால் ஃப்ளஷை அழுத்த மாட்டாள், மக்கில் தண்ணீர் எடுத்துச் சத்தம் வராமல் ஓரமாக ஊற்றுவாள். தும்மல் வந்தால் போர்வைக்குள் தலையை விட்டுக்கொள்வாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகவே கற்றுக்கொண்டாள். லேபில் இதைச் சொல்லி நான் பீற்றிக்கொள்ளாத நாளில்லை. "பெத்தா இப்படி ஒண்ணு பெக்கணும்" என்பார்கள். எனக்கும் தலைகால் புரியாது.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. தூசி, குளிர் எது பட்டாலும் மூச்சு இழுக்கும். வாயில் வைத்து அழுத்தும் நீல பம்ப் ஒன்று எப்போதும் தலைமாட்டில் இருக்கும். அதற்கும் அடங்காவிட்டால் நெபுலைசர் மெஷினில் மருந்தை ஊற்றி, முகத்தில் மாஸ்க் மாட்டி, அந்தப் புகையை இழுக்க வேண்டும். நல்ல மெஷின்தான், ஆனால் ஓடினால் மாவு மில் மாதிரி சத்தம் போடும்.

போன வியாழக்கிழமை ராத்திரி ஒன்று பத்துக்கு எனக்கு வலி வந்தது. கணவர் ஊரில் இல்லை. இருட்டில் தடவி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஈரத்துணியைக் கண்மேல் போட்டுப் படுத்தேன். அரைமணி நேரம் போயிருக்கும். வெளியே, இரண்டு அறைக்கும் நடுவிலுள்ள நடையில் ஏதோ சத்தம். துணியைத் துணியோடு தேய்ப்பதுபோல, விட்டு விட்டு வந்தது. ஒவ்வொரு தேய்ப்பும் என் மண்டைக்குள் போய்ப் பிராண்டியது.

"யாருடி அது? தூங்கித் தொலையேன்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

சத்தம் நின்றது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்த அப்பாடாவுக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் புரட்டியது. கண்ணை மூடியபடியே சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு நடந்தேன். நடையில் கால் எதிலோ இடித்தது. குனிந்து தொட்டேன். மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இங்க என்னடி பண்ற?"

"ஒண்ணுமில்ல... ம்மா. நீ... போய்... படு."

ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. முதுகில் கை வைத்தேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து உள்ளே போனது. முகத்தில் தலையணையை அழுத்திப் பிடித்திருந்தாள். நான் பிடுங்கப் பிடுங்க விடமாட்டேன் என்கிறாள். இழுப்புச் சத்தம் எனக்குக் கேட்கக் கூடாதாம். 

விளக்கைப் போட்டேன். இடது கண்ணில் ஆணி இறங்கியது. வலது கண்ணை மட்டும் திறந்து பார்த்தால், அவள் உதடு வெளுத்து நீலம் பாய்ந்திருந்தது. கையில் பம்ப். வாங்கி அழுத்தினேன். வெறும் காற்றுதான் வந்தது. எப்போது தீர்ந்ததோ, எத்தனை தடவை அழுத்தினாளோ தெரியவில்லை.

"இரு, மெஷின எடுக்கறேன்."

"வேணாம்... உனக்கு... தலை..."

"வாய மூடுடி!" என்று கத்தினேன்.

சொன்ன உடனே மூடிக்கொண்டாள். கடவுளே! காற்றுக்காக வாயைப் பிளந்து தவிக்கிற பிள்ளை, அம்மா சொல்லிவிட்டாளே என்று உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது. "திற, திறடி, அம்மா சும்மா சொன்னேன், திற" என்று அவள் தாடையைப் பிடித்து ஆட்டினேன்.

மெஷினை அலமாரி மேலிருந்து இறக்கினேன். மருந்துப் பெட்டியைத் திறந்தால் இரண்டு விதமான குப்பிகள். ஒன்று தினமும் காலையில் போடுவது, இன்னொன்று மூச்சுத் திணறும்போது போடுவது. விரல் நீளம்தான் இரண்டும், ஒரே மாதிரி பிளாஸ்டிக். மேலே பொடி எழுத்து. படிக்கப் பார்த்தேன். எழுத்தில் இடது பாதி இல்லை. மிச்சப் பாதி மின்னிக்கொண்டே நகர்ந்தது. பத்து வருஷமாகக் கடுகளவு பல்லில் மயிரிழைப் பிசகைக் கண்டுபிடிக்கிற கண், என் பிள்ளையின் மருந்தைப் படிக்க வக்கில்லாமல் நின்றது.

"எதுடி? கைய காட்டு."

ஒன்றைத் தொட்டாள்.

"இதுவா? நல்லாப் பாத்துச் சொல்லு. இதுதானா?"

தலையாட்டினாள். குப்பியின் முனையைத் திருகி ஊற்றி, மாஸ்க்கை மாட்டி, சுவிட்சைப் போட்டேன். மெஷின் அலறியது. என் தலையைப் பிளந்து உள்ளே வைத்து ஓட்டியதுபோல இருந்தது. ஒரு கையால் மாஸ்க்கை அவள் முகத்தோடு பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த வாளியில் வாந்தி எடுத்தேன். அவள் கை நீண்டு சுவிட்சைத் தேடியது. தட்டிவிட்டேன். மறுபடி தேடியது. மறுபடி தட்டிவிட்டேன்.

மருந்து முழுக்கத் தீர்ந்தும் உதட்டில் நிறம் வரவில்லை. கண் செருக ஆரம்பித்தது. போனை எடுத்தால் திரை வெறும் வெளிச்சமாகத்தான் தெரிந்தது, ஒரு எண்ணும் பிடிபடவில்லை. கதவைத் திறந்துபோட்டு, கீழே பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினேன்.

"தம்பீ! தம்பீ! எழுந்து வாடா!"

டாக்ஸிக்காரத் தம்பி லுங்கியைப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறி வந்தான். "என்னக்கா, என்ன ஆச்சு?" என்றவன் பிள்ளையைப் பார்த்ததும் வேறு எதுவும் கேட்கவில்லை. அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

பெரிய ரோடு திரும்பும் இடத்தில் ஒரு தண்ணி லாரி குறுக்கே நின்றது. தம்பி என்னைக் கண்ணாடியில் பார்த்தான்.

"ஹாரன் அடிக்கட்டுமாக்கா?"

"அடிடா பாவி! கைய எடுக்காம அடி!"

ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் அடித்துக்கொண்டே போனான். ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், பெரிய மெஷினில் மருந்தை விடாமல் கொடுத்தார்கள். நான் கட்டிலின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அவள் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். என் வலி ஒரு பக்கம் கிடந்தது, யார் சீண்டினார்கள் அதை. நாலரை மணிக்குத்தான் அவள் உதட்டில் நிறம் வந்தது. எனக்கும் அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது.

ஆறு மணிக்கு டாக்டரம்மா வந்தார். நோட்டை விரித்துக்கொண்டு, "மூச்சுத் திணறல் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்று கேட்டார்.

"ஒண்ணே முக்கால் இருக்கும் டாக்டர்" என்றேன்.

மகள் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினாள். "பதினொண்ணு" என்றாள்.

"பதினொண்ணா?" எனக்குப் புரியவில்லை. "எனக்கு வலி வந்ததே ஒண்ணு பத்துக்குத்தான்டி. அதுவரைக்கும் நல்லாத்தானே தூங்கிட்டிருந்தேன். அப்பவே எழுப்ப வேண்டியதுதானே?"

"எழுப்பினா வந்துடும்னு பயந்தேன்."

எனக்கு வலி வந்த பிறகுதான் அவள் திணறலை மறைத்தாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வராத ராத்திரியிலும், அது வந்துவிடாமல் இருக்கக் காவல் இருந்திருக்கிறாள். எத்தனை ராத்திரி என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வார்டில் அத்தனை பேர் பார்க்க, வாயில் கையைக்கூட வைக்காமல் அழுதேன்.

டாக்டரம்மா நான் அழட்டும் என்று விட்டார். மகளின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, "உள்ள சளி இருக்கா பாக்கணும். எங்க, நல்லா பலமா ஒரு தடவை இருமு பாப்போம்" என்றார்.

அவள் இருமவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப வலிக்குதாம்மா?"

"இல்லடி. கொஞ்சம்கூட இல்ல" என்று பொய் சொன்னேன். "இருமுடா கண்ணு."

வாயைக் கையால் பொத்திக்கொண்டு, வெளியே கேட்காத மாதிரி இருமினாள்.

"இன்னும் பலமா" என்றார் டாக்டரம்மா.

மறுபடியும் என்னைத்தான் பார்த்தாள்.