ஆயிரத்து எண்பது சரிதான்

மணி பதினொன்று முப்பத்தைந்து. பன்னிரண்டுக்குள் வீடியோ போய்ச் சேர வேண்டும். மனைவி மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

நான்கு நாட்களாக இருவருக்கும் பேச்சு கிடையாது. வெளியூர்ப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை வேலைக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். பாடம் நடத்தும் வீடியோவைப் பார்த்துத்தான் நேர்காணலுக்கு அழைப்பார்களாம். கிடைத்தால் அவள் அங்கே, அவன் இங்கே. அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதே அதற்காகத்தான்.

“டிவி ஸ்டேஷன்ல பெரிய ஆளு, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. ஆயிரத்து எண்பது கேட்டாங்க, இருக்கு. எம்பி4 கேட்டாங்க, இருக்கு. சரிதானே?”

அவனுக்கு அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது. எம்பி4 என்பது பெயரில் மட்டும்தான். கோப்பின் பெயருக்குப் பின்னால் செல்போன் வைத்த வாலை அழித்துவிட்டு ‘எம்பி4’ என்று இவளே தட்டியிருக்கிறாள். படத்தைச் சுருக்கும் முறையில் பள்ளி கேட்டது எச்.264, உள்ளே இருப்பது எச்.265. பள்ளியின் இணையதளம் பெயரைப் பார்த்து வாங்கிக்கொள்ளும். நாளைக்கு அங்கே திறந்தால் குரல் வரும், படம் வராது. தள்ளிவிடுவார்கள். காரணம்கூடச் சொல்ல மாட்டார்கள்.

சும்மா தலையை ஆட்டினால் போதும். இவள் இங்கேயே இருப்பாள்.

“என்னங்க, நேரமாகுது.”

அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“சரியில்ல,” என்றான். “ஆயிரத்து எண்பதுங்கிறது படத்தோட அளவு. அதை உள்ள எப்படிச் சுருக்கி வெச்சிருக்குங்கிறது வேற கணக்கு. நீ டப்பா மேல ஒட்டுன பேரைத்தான் மாத்தியிருக்க. நகரு.”

வீடியோவை எச்.264-க்கு மாற்றக் கணினியில் கொடுத்துவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். பச்சைக் கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது. பதினொன்று நாற்பத்தொன்பதுக்கு முடிந்தது. ஏற்றும்போது தொண்ணூறு சதவீதத்தில் நின்று உயிரை வாங்கியது. பதினொன்று ஐம்பத்தெட்டுக்குப் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று வந்தது.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள்.

“சரின்னு சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?”

“தெரிஞ்சிருக்காது.”

“சொல்லலாம்னு நெனச்சீங்களா?”

பொய் வாய் வரை வந்தது. “நெனச்சேன்,” என்றான்.

அவள் திட்டவில்லை. பிறகு தன் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த ஊருக்கு வாரக் கடைசியில் ரயில் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தாள்.