துறைத்தலைவருக்குப் பக்கத்து முக்காலி

எங்கள் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் கையிலிருந்து விட்ட பொருள் கீழே விழுவதில்லை. விழவைக்கும் விதி கேன்டீனுக்குப் போய்விட்டது. ஆய்வக உதவியாளன் என்பதால் எனக்கு விவரம் தெரியும்.

மலைமக்கள் வட்டமாக உட்கார்ந்து, எல்லோரும் பேசி, எல்லோரும் கேட்டுக் கற்கிறார்கள் என்று துறைக்குத் தெரியவந்தது. உடனே மலைக்கு ஒரு குழு போனது. போன குழு வட்டத்தின் விட்டத்தை டேப் வைத்து அளந்துகொண்டு திரும்பியது. நாங்களும் முக்காலி போட்டு வட்டமாக உட்கார்ந்தோம், சீனியாரிட்டிப்படி. முதலில் துறைத்தலைவர் ஆராவமுதன் ஐயா. கடைசியில் அதே மலையிலிருந்து வந்து படிக்கும் மருதி. வட்டம் பாருங்கள், கடைசி ஆள் முதல் ஆளுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறார். ஐயா தன் முக்காலியைச் சற்றே தள்ளிப் போட்டுக்கொண்டார். அந்த இடைவெளி வழியாகத்தான் நடத்திய பாடமெல்லாம் ஒழுகி, வராந்தா வழியே கேன்டீனுக்குப் போனது.

"எடம் விட்டு உக்காந்தா எங்க ஊர்ல அத வட்டம்னு சொல்லமாட்டாங்க சார்," என்றாள் மருதி. அவளுடைய மரபைத் துறை எவ்வளவு மதிக்கிறது என்று ஐயா நெடுநேரம் விளக்கினார்.

செய்முறைத் தேர்வும் வட்டத்திலேயே நடந்தது. ஊசல் ஆடினால்தான் மருதிக்குப் பட்டம். பட்டம் இருந்தால்தான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை. இழுத்து விட்ட குண்டு, விட்ட இடத்திலேயே நின்றது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கொட்டாவி விட்டார்.

மருதி ஊசலைத் தூக்கிக்கொண்டு, தன் முக்காலியை ஐயா பக்கமாக நகர்த்தினாள். ஐயா நகர்ந்தார். அவர் நகர்ந்ததால் மற்றவர்களும் வரிசை குலையாமல் நகர்ந்தார்கள். அவள் மறுபடி நகர்த்தினாள். வட்டம் சுழன்று, வாசலைத் தாண்டி, வராந்தாவில் உருண்டது.

"போதும்மா, நிறுத்திக்கோ," என்றார் ஐயா, நகர்ந்துகொண்டே.

"நீங்க நில்லுங்க சார், நானும் நிக்கறேன்."

ஐயாவால் நிற்க முடியவில்லை. பதவி அப்படி. கேன்டீனைக் கடக்கும்போது ஊசல் நன்றாக ஆடியது. தேர்வாளர் கூடவே ஓடிவந்து மதிப்பெண் போட்டார். வட்டம் சாலைக்கு இறங்கி, பேருந்து போகும் வழியில் மலை ஏறியது. முக்காலிகள் என் பொறுப்பு என்பதால் நானும் பின்னாலேயே போனேன். மருதி தன் ஊர் வந்ததும் இறங்கிக்கொண்டாள்.

காலியான முக்காலியில் ஓர் ஆடு ஏறி உட்கார்ந்தது. ஐயா அதைப் பார்த்தார். நகரவில்லை. இரண்டாம் ஆண்டு வகுப்புகள் இப்போது அங்கேதான் நடக்கின்றன.