எமில்டா நிறுத்திய நடை

எமில்டாவின் போட்டோ கம்பெனிச் சுவரில் ஏறிவிட்டது. கீழே, 'இந்த மாத கைசன் நாயகி' என்று கொட்டை எழுத்து. கைசன் என்றால் வேலைமுறையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்படுத்துகிற ஜப்பான்காரர்கள் வழி. துறைமுகச் சாலையிலிருந்த அந்த இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் ஒரு சூப்பர்வைசருக்கு இப்படியொரு மரியாதை அதுவரை கிடைத்ததில்லை.

இறால் உரிக்கிற பெண்கள் தட்டு நிறைந்ததும் எழுந்து, கூடத்தின் கடைசிவரை நடந்து, எடை போடும் இடத்தில் வைத்துவிட்டு வருவார்கள். தேவையில்லாத நடையெல்லாம் வேஸ்ட் என்று வீண்வேலை குறைக்கும் லீன் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மேஜையோரமாக ரோலர் போட்டால் தட்டு தானே உருண்டு போய்விடும் என்று யோசனை சொன்னாள் எமில்டா. மேனேஜர் டேவிட்சனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பேச்சிச்செல்விதான் தடுத்தாள். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே மேஜையில் எதிரெதிரே நின்று உரித்தவர்கள்.

"ஏளா, வேற எதை வேணும்னாலும் மாத்து. அந்த நடையில கை வைக்காத. ஐஸ் தண்ணியில கெடக்குற கைக்கு அது ஒண்ணுதான் சூடு. நீயும் அங்கன போயி கண்ணாடிச் சன்னல் வெயில்ல கைய நீட்டிக்கிட்டு நின்னவதான?"

"வேலை வெரசலா முடிஞ்சா வீட்டுக்குப் போலாம்லா?"

"ஆமா, போக விட்டுருவாவ! இன்னும் ரெண்டு கூடைய கொண்டாந்து தட்டுவாவ."

ரோலர் போட்டார்கள்; அப்படியேதான் ஆனது. உரித்த எடை கூடியது. பெண்களின் விரல்கள் மரத்து வீங்கின. அடுத்த கூட்டத்தில், "ஆட்களுக்கு ஏதும் சிரமம் உண்டா?" என்று டேவிட்சன் கேட்டார். போட்டோ மாட்டிய ஆணியின் சுண்ணாம்புத்தூள்கூட இன்னும் உதிர்ந்து முடியவில்லை.

"ஒண்ணும் இல்ல சார்" என்றாள் எமில்டா.

மறுவாரம் பேச்சிச்செல்வியின் வலது கைப் பெருவிரலில் இறால் முள் ஏறியது. மரத்த விரலுக்கு அது உறைக்கவேயில்லை. கை பழுத்து, ஆஸ்பத்திரியில் கீறிவிட்டார்கள். விரல் இனி மடங்காது என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகுதான் எமில்டா மேனேஜர் அறைக்கு ஓடினாள். டேவிட்சன் திட்டியிருந்தாலாவது தேவலை.

"அன்னைக்கே சொல்லக் கூடாதாம்மா? சரிவரலன்னா பழையபடி மாத்துறதும் கைசன்தான். அதுக்குத்தான கூட்டத்துல கேட்டேன்?"

மத்தியானத்துக்குள் ரோலரைக் கழற்றிவிட்டார்கள். அவ்வளவு லேசான வேலை அது.

சாயங்காலம் எமில்டா பேச்சிச்செல்வி வீட்டுக்குப் போனாள்.

"ரோலர எடுத்தாச்சு பேச்சி. ஒனக்கு உரிக்கிற வேலை வேண்டாம். எடை எழுதுற எடத்துல போடச் சொல்லிருக்கேன். வா."

"தெரியாத ஒருத்தி செஞ்சிருந்தா நல்லா ஏசிட்டு வந்துருப்பேன்" என்றாள் பேச்சிச்செல்வி. "ஒனக்குத் தெரியும்லா."

எமில்டா கீழே உட்கார்ந்தாள்.

"சரி, இரு. டீ போடுதேன்" என்றாள் பேச்சிச்செல்வி.

தூள் டப்பாவை இடுப்போடு அணைத்துக்கொண்டு, இடது கையால் மூடியைத் திருகினாள். வழுக்கியது. எமில்டா எழுந்து கையை நீட்டினாள்.

"வேண்டாம்" என்று டப்பாவோடு திரும்பிக்கொண்டாள் பேச்சிச்செல்வி. "பழகிக்கிடணும்லா."