பதினொன்றில் ஒன்று

"தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிப் பிடிங்க."

நாத்தனார் தயங்கித் தயங்கித் தன் அண்ணனின் தலையைத் திருப்பிப் பிடித்தாள். வலது காதோரம் முடி இன்னும் நீண்டிருந்தது. போன வாரமே வெட்டியிருக்க வேண்டியது. 'வெட்டிவிடேன், வெட்டிவிடேன்' என்று பின்னாலேயே வந்த கணவரை, 'ஓசி கிராக்கிக்கெல்லாம் ஞாயித்துக்கிழமைதான்' என்று விரட்டிவிட்டிருந்தாள். ஞாயிறு வருவதற்குள், நேற்றுக் காலை, ஒரு காலில் செருப்பை மாட்டியவர் இன்னொன்றை மாட்டவில்லை.

"அம்மா, உக்காந்து செய்யேம்மா. நேத்துலேர்ந்து நின்னுட்டே இருக்கே." மகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காந்து வெட்டினா கோணும்."

"கோணினா இப்ப யாரும்மா பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்."

கத்திரி மட்டும் பேசியது.

தெருவுக்கு அவள் பார்லரம்மா. வீட்டின் முன்னறைதான் பார்லர். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, காலையிலிருந்து இருட்டும் வரை நின்ற கால். அவர் பல்லுக்காரர். பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை. ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அவர் கைவேலை, மீதிப் பேர் தலை வாருவது அவள் கைவேலை என்று அவரே சொல்லிக்கொள்வார். பார்லரில் உயரமான ஸ்டூல் ஒன்றை வாங்கிப் போட்டதும் அவர்தான். அவள் அதன்மேல் துண்டுகளை அடுக்கி வைத்தாள். வாடிக்கைக்காரர்கள் யாராவது, 'அவங்களைக் கொஞ்சம் உக்காரச் சொல்லுங்களேன்' என்றால், 'சொல்லிப் பாத்தாச்சு, கேக்காது. கால் வலிச்சா அதுவா உக்காரும்' என்பார், ஏதோ வீட்டு மாட்டைப் பற்றிப் பேசுகிறவர் போல.

மகள் குனிந்து காதோடு சொன்னாள். "அப்பா சிநேகிதர், அந்த கிரேன்காரருக்கு போன் பண்ணிட்டேம்மா. மத்தியானம் வந்து அப்பாவோட பொம்மைங்களை எடுத்துட்டுப் போயிடுவார். எனக்கு அப்புறம் அவருக்குத்தான்னு அப்பா எப்பவோ சொல்லி வச்சிருக்காராம்."

கத்திரி நின்றது.

"எல்லாத்தையுமா?"

"ஆமா. உனக்குத்தான் அதுங்களைக் கண்டாலே ஆகாதே. இன்னிக்கே போயிட்டா உன் கண்ணுல படாது, நிம்மதி."

ஆமாம், ஆகாதுதான். அப்படித்தான் இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது எந்த வாயால் மாற்றிச் சொல்வது? காதோரத்தை முடித்தாள். இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று கால்மாட்டில் போய் நின்று பார்த்தாள். சரியாக இருந்தது. அவரால்தான் கண்ணாடியில் பார்த்து, 'இவ்வளவு குறைச்சிட்டியே' என்று சொல்ல முடியவில்லை.

வண்டி வந்தது. அவரைக் கொண்டுபோனார்கள். அவளும் போய், எல்லாம் முடிந்து திரும்பி வந்தாள். வீட்டில் இன்னும் ஏழெட்டுப் பேர் டீயும் கையுமாக இருந்தார்கள். "உக்காருங்கம்மா", "கொஞ்சம் உக்காருங்க அக்கா" என்று ஆளாளுக்கு இடம் விட்டார்கள். "இதோ" என்று சொல்லிக்கொண்டே எல்லோரையும் கடந்து பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பொம்மைகள் அவளைப் பார்த்தன.

குழந்தைகள் விளையாடும் பொம்மையல்ல இவை. முழங்கை நீளம் ஒன்று, முழங்கால் உயரம் ஒன்று என்று பலவிதம். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால் என்று மூட்டுக்கு மூட்டு ஓர் உருண்டை. உடம்பு முழுக்க உள்ளே வெற்றுக் குழாய். தலையிலிருந்து பாதம் வரை அதற்குள் ஓடும் ரப்பர் கயிறு. அந்தக் கயிற்றின் இழுப்பில்தான் நிற்கும், மடங்கும், கன்னத்தில் கை வைத்து யோசிக்கும். உடம்பை உதிரி உதிரியாக எங்கிருந்தோ வரவழைப்பார். முகம் மட்டும் அவர் எழுதுவது. பல்செட்டின் ஈறுக்கு நிறம் கொடுக்கும் அதே தூரிகையால் புருவம் எழுதுவார், உதட்டில் ரேகை இழுப்பார். தினமும் பட்டறைக்குக் கிளம்பும் முன் ஒவ்வொன்றின் கையையோ காலையோ கொஞ்சம் மாற்றி வைத்துவிட்டுப் போவார். நேற்று மாற்றி வைத்தது அப்படியே இருந்தது.

ஐந்தாறு வருஷம் முன்பு ஒரு நாள் சாப்பிடும்போது சண்டை. 'இத்தனை பொம்பளைங்களைக் கொண்டாந்து வச்சுக் குடும்பம் நடத்துறீங்களே, வெக்கமா இல்ல?' என்று கேட்டாள். அவர் மென்றுகொண்டே சொன்னார்: 'அதுல ஒண்ணு நீதான்.'

எது என்று அந்த நொடியே கேட்டிருக்கலாம். 'ஆமா, பெரிய இவரு' என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் கேட்டால் தோற்ற மாதிரி ஆகிவிடும். அவரும் வலியச் சொல்லவில்லை. வாரம் ஒரு தரம் தூசி தட்டும் சாக்கில் உள்ளே போய் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். அவர் வாசலில் நின்று, 'கேளேன், சொல்றேன்' என்பார். 'எனக்கென்ன அவசியம்' என்பாள். இரண்டு பேருக்கும் இது ஒரு பழக்கமாகவே போய்விட்டது. என்றைக்கோ ஒரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தாள்.

இப்போது கிரேன்காரர் வரும்வரைதான் நேரம்.

கதவு மெல்லத் திறந்தது. நாத்தனார். "அண்ணி... இங்க என்ன பண்றீங்க? வாங்க, கொஞ்சம் உக்கா..."

"கதவைச் சாத்துங்க முதல்ல."

சாத்தினாள். வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. அழுது சிவந்திருந்த நாத்தனாரின் கண்கள் கேட்கக் கேட்க அகலமாயின.

"எங்கண்ணனா? அப்படியா சொன்னான்? எதுன்னு நீங்க கேக்கவே இல்லையா?"

"கேக்கல."

"இவ்வளவு வருஷமா?"

"கேக்கலைங்கறேன்ல."

"நானா இருந்தா அன்னிக்கே சட்டையைப் பிடிச்சிருப்பேன்." நாத்தனார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனாள். வந்த துக்கத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டாள் என்றே சொல்ல வேண்டும். "இது இல்ல, இது ரொம்ப ஒல்லி. இதுக்கு நெத்தி பெருசு. அண்ணி, இதோ இது! வாயத் தொறந்துட்டு எதோ சொல்ல வருது பாருங்க. இதேதான்."

"ஏன், நான் என்ன எந்நேரமும் பேசிட்டா இருக்கேன்?"

நாத்தனார் பதில் சொல்லாமல் அடுத்த தட்டுக்குப் போனாள். "மொத்தம் எத்தனை?"

"பதினொண்ணு."

"பத்துதானே இருக்கு?"

"அதோ சன்னலோரம் மேசை மேல ஒண்ணு நிக்குது. அது அரைகுறை, மூஞ்சியே எழுதல. அதை விடுங்க."

அதை விட்டுவிட்டார்கள். முகம் வெறும் வெளிர் உருண்டையாக, பழைய துண்டை வெட்டித் தைத்த தொளதொளப்பான அங்கியோடு அது பாட்டுக்கு நின்றது. பத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். கோபக்காரி ஒருத்தி, தூங்குமூஞ்சி ஒருத்தி, மீசை வைத்த ஆண் பிள்ளைகள் இரண்டு பேர். கடைசியில் மேல்தட்டிலிருந்து ஒருத்தியை இறக்கியபோது பார்லரம்மாவின் விரல்கள் அதன் தலையிலேயே நின்றுவிட்டன. மற்றதுக்கெல்லாம் இருப்பது போல நைலான் நார் இல்லை இது. மனுஷ முடி. நுனியில் வந்து ஒரு பக்கமாகச் சுழிக்கிற முடி. முடியைத் தொட்டால் யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள், தன்னுடையதா தெரியாது?

"இது என் முடி."

"ஐயோ! எப்ப குடுத்தீங்க?"

"குடுக்கல. ஒரு தடவ இடுப்பு வரைக்கும் இருந்ததை வெட்டிப் போட்டேன். பெருக்கறதுக்குள்ள வந்து பேப்பர்ல பொறுக்கிட்டுப் போனார். எதுக்குன்னேன். சும்மான்னார்."

"அப்புறம் என்ன? இதுதான் நீங்க. கண்டுபிடிச்சாச்சு." நாத்தனாருக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது.

பார்லரம்மா பொம்மையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குறும்பு கொப்பளிக்கிற முகம். பதினெட்டு வயசுதான் சொல்லலாம். இவ்வளவு லட்சணமாக நான் எப்போது இருந்தேன்? சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால், வேறு யாருக்கோ வெட்டிய முடி தன் தலையில் இருப்பது போல ஏதோ ஒன்று பொருந்தவில்லை.

கிரேன்காரர் வந்தபோது அறையே சின்னதாகிவிட்டது. வாசல் நிலையில் குனிந்துதான் நுழைந்தார். ஒவ்வொரு கையும் ஒரு முறம். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஆளும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து, கொக்கி போட்டு இழுத்து, ரப்பர் கயிறு மாற்றுவார்கள். இரும்புத் தூண்களைத் தூக்கி வைக்கிற ஆளுக்குப் பொம்மை என்ன வேண்டிக்கிடக்கிறது என்று அவள் டீயை நங்கென்று வைத்துவிட்டுப் போவாள்.

"அண்ணி..." என்றார். கொண்டுவந்த பஞ்சுப் பைகளைத் தரையில் விரித்தார்.

மகளும் வந்து கதவோரம் நின்றாள். "அம்மா, நீ எதுக்கு இங்க? போய் உக்காரும்மா."

"இருக்கட்டும். பாக்கறேன்."

அவர் வேலையைத் தொடங்கினார். ஒவ்வொரு பொம்மையையும் மேசை விளிம்பில் உட்காரவைத்து, தலைமுடியைக் கழற்றி, முகத்துக்கு மெத்தென்று ஒரு பஞ்சு வைத்துக் கட்டி, பையில் படுக்கவைத்தார். அந்தப் பெரிய விரல்கள் ஒரு இடத்திலும் இடறவில்லை. மீசைக்காரர்கள் போனார்கள். வாய் திறந்தவள் வாய்மேல் பஞ்சோடு போனாள். மனுஷ முடிக்காரியை அவர் எடுக்கும்போது பார்லரம்மா கையை நீட்டிவிட்டாள்.

"இது ஒண்ணு இருக்கட்டுமே."

"எடுத்துக்குங்க அண்ணி. நானே சொல்லணும்னுதான் இருந்தேன். இது பாப்பாவோடது."

"எந்தப் பாப்பா?"

அவர் கதவோரம் கண்ணைக் காட்டினார். "இவங்கதான். காலேஜ் ஹாஸ்டலுக்குக் கிளம்பின வருஷம் செஞ்சார். வீடு வெறிச்சுனு இருக்குதுன்னார். முடி அம்மா முடியாவே இருக்கணும்னு காத்திருந்தார், பாப்பாவுக்கு அதே சுழிதானாமே."

மகளின் கை தன் பின்னல் நுனிக்குப் போயிற்று. பார்லரம்மா பொம்மையை அவளிடம் நீட்டினாள். மகள் அதை வாங்கிக்கொண்டாள். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், கைக்குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். நாத்தனாரும் பின்னாலேயே போனாள்.

அலமாரி காலியாகிவிட்டது. அப்படியானால் எதுதான் நான்? எல்லாம் பைக்குள் முகம் மூடிப் படுத்திருந்தன. இந்த ஆளிடம் கேட்டுவிடலாமா? அவரிடம் கேட்காததை இவரிடமா? நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள்.

"இதுதான் கடைசி," என்று கிரேன்காரர் மேசைமேல் நின்ற அரைகுறையை எடுத்தார். விளிம்பில் உட்காரவைத்துக் கையை எடுத்தார். சடக்கென்று முழங்கால் விறைத்து, பொம்மை எழுந்து நின்றது. மறுபடி மடக்கினார். உதைத்தது. கட்டைவிரலில் பட்டு, "ஸ்ஸ்" என்றார்.

"என்ன அதுக்கு?" என்றாள்.

"ரப்பர் முறுக்கு ஜாஸ்தி அண்ணி. சில பொம்மை இப்படித்தான் உதைக்கும். கொஞ்சம் தளர்த்திக் கட்டினா ஒழுங்கா உக்காரும். தளர்த்தித் தரேன்னு எத்தனையோ தரம் கேட்டிருக்கேன். அண்ணன் விடவே மாட்டார்."

"ஏனாம்?"

"சொல்லிப் பாத்தாச்சு, கேக்காதும்பார். கால் வலிச்சா அதுவா உக்காரும்பார்." அவர் லேசாகச் சிரித்தார். "பொம்மைக்குக் கால் வலிக்குமாங்க?"

பார்லரம்மா பொம்மையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மூஞ்சி ஏன் எழுதல?" என்றாள்.

"எழுதலையா? இதுக்கு எழுதின மாதிரி வேற எதுக்கும் எழுதினதில்ல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எழுதுவார், அழிப்பார். நல்லாத்தானேண்ணே இருக்கும்பேன். இல்லப்பா, வரலம்பார்." மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடி எடுத்தார். "இது அதோடது. சேத்தே வச்சிருங்க, தொலைஞ்சிடும்."

அவள் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் உயரத்தில் ஒரு ஸ்டூல். ஈறு நிறத்தில் இளஞ்சிவப்பாக, பல்செட் செய்கிற அதே பொருளில் வார்த்து, வழவழவென்று தேய்த்தது.

"உக்காராததுக்கு எதுக்குண்ணே ஸ்டூல்னு கேட்டேன். அது பாட்டுக்குப் பக்கத்துல கிடக்கட்டும்னார்." அவர் பொம்மையையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "இதைப் பையில வைக்கட்டுமா அண்ணி, இல்ல..."

"இங்க குடுங்க."

பைகளை வண்டியில் ஏற்றும் சத்தம் கேட்டது. அவள் பொம்மையோடு பார்லருக்கு வந்து, கண்ணாடிக்கு முன்னால் சீப்புகளுக்கு நடுவே அதை நிறுத்தினாள். அந்தக் குட்டி ஸ்டூலை அதன் பின்னால் வைத்தாள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தபோதுதான் தெரிந்தது: வெறும் முகம் இல்லை அது. அழித்த புருவங்களும் உதடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக, நகம் பட்ட அளவுக்கு மங்கலாகக் கிடந்தன. கிட்டே குனிந்து நெடுநேரம் பார்த்தாள். ஒன்றில் முறைத்திருந்தாள். ஒன்றில் சிரிக்கப் போனாள். மிச்சம் எதுவும் பிடிபடவில்லை.

முழங்காலை விரலால் மெல்ல மடக்கிப் பார்த்தாள். உதைத்தது.

"அம்மா?" மகள் ஒவ்வொரு அறையாகத் தேடிக்கொண்டு வரும் சத்தம். "அம்மா, எங்க இருக்கே? வந்து கொஞ்சம்..."

பார்லர் வாசலுக்கு வந்த மகள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். துண்டுகளெல்லாம் கழுவுதொட்டி விளிம்புக்கு இடம் மாறியிருந்தன. உயரமான ஸ்டூலின்மேல், கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படாத அதன் இருக்கையில், அம்மா முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அசையும்போதெல்லாம் உறை சரசரத்தது.